ஏழாவது ஆற்றின் நொட்டாங்கையன்

முப்பத்திரண்டு வயதுக்காரிக்குப் பொம்மைக் கதையால் சோறு இறங்கவில்லை என்றால் யாராவது நம்புவார்களா? ஜூலிக்கு இறங்கவில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதித்துப் பவர் எழுதிக் கொடுக்கிற வேலை அவளுக்கு. செவ்வாய்க்கிழமை மதியம் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு போனைப் பார்த்தவள், பாக்ஸை அப்படியே மூடிவிட்டாள். வந்திருந்தது ஒரே ஒரு மின்னஞ்சல். "வாழ்த்துகள். உங்கள் நொட்டாங்கையன் ஏழாறு கதையில் அதிகாரபூர்வமாகச் சேரவிருக்கிறார்."

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இருபது வருஷத்துக்கு முன்னால் 'ஏழாறு' என்று ஒரு பொம்மை விற்றது. உள்ளங்கை அளவு அட்டைப்பெட்டி. உள்ளே கை, கால், உடம்பு, முகமூடி எல்லாம் தனித்தனியாகக் கிடக்கும், நாமே பொருத்திக்கொள்ள வேண்டும். கூடவே ஒரு குட்டிக் கதைப்புத்தகம் இருக்கும். ஒரு நாட்டில் ஏழு ஆறுகள், ஆற்றுக்கு ஒரு காவலன், இவ்வளவுதான் கதை. ஆறு காவலர்கள் வந்தார்கள். ஏழாமவன் வருவதற்குள் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். பிள்ளைகள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டால் உருப்படுமா?

அந்தப் பிள்ளைகளெல்லாம் வளர்ந்து, கல்யாணம் கட்டி, தொந்தி போட்டு, இன்னமும் இணையத்தில் ஏழாறு பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாம் ஆற்றுக் காவலனின் முகமூடி நீலமா சாம்பலா என்பதில் நாலு வருஷமாக அடிதடி. வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று சொல்லிவிடாதீர்கள், அதில் இரண்டு டாக்டர்கள் இருக்கிறார்கள், ஜூலியும் இருக்கிறாள். இந்த வருஷம் வேறொரு கம்பெனி ஏழாறை வாங்கி மறுபடியும் பொம்மை போட ஆரம்பித்தது. பழைய புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் 'ஆற்றங்கரைத் தபால்' என்று பிள்ளைகளின் கடிதங்கள் வரும். கதையில் ஓட்டை விழுந்த இடங்களிலெல்லாம் அந்தக் கடிதங்களையே வைத்து அடைத்து, அதையே அசல் வரலாறாக ஆக்கப்போவதாகப் புதிய கம்பெனி அறிவித்தது. ஏழாம் ஆற்றுக்கு யார் காவலன் என்று ரசிகர்கள் ஓட்டுப் போட்டார்கள். 2006-இல் 'ஜூலி, எட்டாம் வகுப்பு, கடலூர் முதுநகர்' என்று அச்சான கடிதம் ஜெயித்தது.

ஜூலி தலைகால் புரியாமல் குதித்தாள், இரண்டு நிமிஷம். அப்புறம் மின்னஞ்சலின் அடியில் இருந்ததைப் படித்தாள். "இது முழுக்க என் சொந்தக் கற்பனை. இதில் வேறு யாருக்கும் பங்கில்லை." எதிரே ஒரு சின்னக் கட்டம். அதில் டிக் போட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். யாருக்காவது பங்கு இருந்தால் அவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

பங்கு இருந்தது. பாதிக்கு மேலேயே இருந்தது. அவள் பெயர் சனா. அவளும் ஜூலியும் பேசிப் பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது.

சனாவின் அத்தா ரஹ்மத்துல்லாவுக்கு அப்போது முதுநகரில் ஒரு ஃபேன்சி ஸ்டோர். பெட்டி கிழிந்துபோன ஏழாறு பொம்மைகளை விற்க முடியாதல்லவா, அந்த உதிரிகளை ஒரு ரஸ்க் டின்னில் போட்டுவைப்பார். பள்ளிக்கூடம் விட்டதும் இரண்டு பெண்களும் கடைக்குள் தரையில் உட்கார்ந்து டின்னைக் கவிழ்ப்பார்கள். ஒருநாள் முழு ஆளுக்கு வேண்டிய எல்லாம் கிடைத்தது, வலக்கை மட்டும் இல்லை. துழாவத் துழாவ இடக்கையாகவே வந்தது. போய்த் தொலைகிறது என்று இரண்டு பக்கமும் இடக்கையையே செருகினார்கள். ஒன்று பச்சை, ஒன்று பழுப்பு.

"யே, இவனுக்கு ரெண்டுமே நொட்டாங்கைடி," என்று ஜூலி விழுந்து விழுந்து சிரித்தாள்.

சனா சிரிக்கவில்லை. அவளே நொட்டாங்கைக்காரி. இடக்கை சோற்றுத் தட்டுக்குப் போனால் அம்மா மெகருன்னிசா கரண்டிக்காம்பால் ஒன்று வைப்பாள். கடையில் அந்தக் கையால் சாமானை நீட்டினால் வாங்க வந்தவர்கள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "சோத்துக்கையால குடு பாப்பா," என்பார்கள். பொம்மையை மடியில் நிறுத்திவைத்துக்கொண்டு சனா கேட்டாள். "இவன் யாருக்கும் எதையும் குடுக்க முடியாது. யார்கிட்டயும் வாங்கவும் முடியாது. அப்ப இவன் என்னா வேலதான் செய்வான்?"

அன்று பொழுது சாய்வதற்குள் வேலை கண்டுபிடித்துவிட்டார்கள். உப்பனாற்றில் அக்கரைக்கு ஆள் ஏற்றிப்போகும் படகைத் தினமும் பார்க்கிறவர்கள் அவர்கள். நொட்டாங்கையன் ஏழாம் ஆற்றின் படகோட்டி. துடுப்புக்கு எந்தக் கையானால் என்ன? கூலி வாங்க மாட்டான், வாங்கினால் மரியாதையில்லை என்பார்கள். படகில் ஏறுகிற யாரும் அவன் கையைப் பிடிக்க மாட்டார்கள். தடுக்கி விழுந்தாலும் விழுவார்களே தவிர பிடிக்க மாட்டார்கள். அவனும் கோபப்படாமல் எல்லாரையும் கொண்டுபோய்ச் சேர்ப்பான். சனா சொல்லுவாள், ஜூலி எழுதுவாள். சனா எழுதினால் இங்க் பேனா எழுதிய வரியை அவள் கையே பின்னால் வந்து அழித்துவிடும். எட்டு மாசம் இந்தக் கதை சோற்று மணியிலும் டியூஷனிலும் கோயில் படிக்கட்டிலும் ஓடியது. அந்த எட்டு மாசம்போலச் சந்தோஷம் ஜூலிக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, நான் சொல்லிவிட்டேன்.

எட்டாம் வகுப்பு முடிந்த மே மாசம் ரஹ்மத்துல்லா கடையைச் சிதம்பரத்துக்கு மாற்றினார். சனா அதைப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால்தான் சொன்னாள். அந்த வாரமே ஜூலி ஆற்றங்கரைத் தபாலுக்கு எழுதினாள். ஆகஸ்டில் அச்சாகி வந்துவிட்டது. கடிதத்தின் கடைசி வரிகள் இப்படி இருந்தன: "ஒருநாள் பெருவெள்ளம் வந்தது. ஊர் சனத்தை எல்லாம் நொட்டாங்கையன் அக்கரை சேர்த்தான். பிறகு படகு கவிழ்ந்தது. அவன் கரையைப் பார்த்துக் கையை நீட்டினான். அது இடக்கை என்பதால் ஒருவரும் பிடிக்கவில்லை. அவன் மூழ்கிப்போனான்." கீழே ஜூலியின் பெயர். சனாவின் பெயர் இல்லை.

அதற்கப்புறம் ஜூலி சனாவுக்குப் போட்ட மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை. அம்மா இன்னாசிமேரியை நச்சரித்து ஒருமுறை சிதம்பரத்துக்கே போனாள். சாயங்காலம் நாலு மணிக்கு மெகருன்னிசா வாசலிலேயே நின்று, "அவ தூங்குறாம்மா," என்றாள். உள்ளே கதவுத் திரைக்கு அடியில் சனாவின் இரண்டு பாதமும் தெரிந்தன. பெயரைப் போடாமல் விட்டதற்குத்தான் இந்தக் கோபம் என்று ஜூலி முடிவு கட்டினாள். பத்தொன்பது வருஷமாக அதே முடிவு.

புதன்கிழமை கம்பெனியிலிருந்து கதிர்வேல் என்ற பையன் பேசினான். அவனும் பழைய ஏழாறு பைத்தியம், பேச்சிலேயே தெரிந்தது.

"அக்கா, நான் ஆறாவது படிக்கறப்ப உங்க லெட்டரப் படிச்சு அழுதேன்க்கா. அந்த முடிவு இருக்கு பாருங்க, ஒருத்தரும் கையப் புடிக்கலன்னு, அதுக்காகத்தான் அத்தன ஓட்டு விழுந்துச்சு. பொம்மைக்கு மாதிரி கூட ரெடி. ரெண்டு இடக்கையோட. படம் அனுப்புறேன், பாருங்க."

படம் வந்தது. ஒரு கை பச்சை, ஒரு கை பழுப்பு. ஜூலி அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நர்ஸ் ஆக நினைத்தாள், ஆகவில்லை. கதை எழுத நினைத்தாள், கண்ணாடிப் பவர் எழுதிக்கொண்டிருக்கிறாள். இந்த உலகத்தில் அவள் கைபட்டு உண்டானது என்று காட்ட இது ஒன்றுதான். ஊர் ஊராகக் கடைகளில் தொங்கப்போகிறது. அவளுக்கு அது வேண்டும். வெட்கமில்லாமல் வேண்டும்.

"இன்னொருத்தவுங்களும் சேந்துதான் எழுதுனோம் தம்பி," என்றாள்.

"அவுங்களும் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுதுக்கா. வெள்ளிக்கிழம அஞ்சு மணிக்குள்ள. இல்லன்னா ரெண்டாவது வந்தவருக்குப் போயிடும். கம்மாபுரத்துக்காரர். ஏழுதல முதல."

"முதலையா?"

"ஆமாக்கா," என்று பெருமூச்சு விட்டான் கதிர்வேல்.

சனாவைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. சிதம்பரத்தில் கல்யாணப் பெண்களுக்கு மருதாணி போடுவதில் அவளுக்கு நல்ல பெயர், இன்ஸ்டாகிராமில் முகவரியோடு இருந்தாள். கணவன் அஃப்சல் மஸ்கட்டில் வேலை. ஜூலி முன்கூட்டிப் போன் போடவில்லை. போட்டால் மறுபடியும் தூங்கிவிடுவாளோ என்ற பயம். வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினாள். ஆலப்பாக்கம் தாண்டும்வரை சொல்லவேண்டியதை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டே வந்தாள். வெள்ளாற்றுப் பாலம் வந்ததும் எல்லாம் மறந்துபோனது.

மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி வீடு. கதவைத் திறந்த சனா கொஞ்சம் பருத்திருந்தாள், கண் அதே கண். ஜூலியை மேலும் கீழும் பார்த்தாள்.

"உள்ள வா," என்றாள். அவ்வளவுதான்.

கூடத்தில் பாய் விரித்து மருதாணி விழுதைக் கோன்களில் அடைத்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் போய் உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காததுபோல இடக்கையால் அடைக்க ஆரம்பித்தாள். ஜூலி எதிரே உட்கார்ந்து மூச்சுவிடாமல் கொட்டினாள். ஓட்டு, பொம்மை, கையெழுத்து, அஞ்சு மணி.

"உன் பேரப் போடாம விட்டது என் தப்புதான் சனா. இப்ப ரெண்டு பேரும் போடலாம். உன் பேருதான் முதல்ல. இந்தா பாரு," என்று போனை நீட்டினாள்.

சனா கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். பொம்மைப் படத்தை நிறைய நேரம் பார்த்தாள்.

"நம்ம பொம்ம எங்க?" என்று ஜூலி கேட்டாள்.

"வீடு மாத்தறப்ப போயிடுச்சு." சனா போனைப் பாயில் வைத்தாள். "பேருக்காகத்தான் நான் பேசாம இருந்தேன்னு நெனச்சியா?"

"பின்ன?"

"போடி இவளே. பேரு யாருக்கு வேணும்? நீ அவனக் கொன்னுட்ட."

ஜூலி பாயில் கிடந்த போனைத் தன் பக்கம் இழுத்தாள். "கதைன்னா ஒரு முடிவு வேணும்ல, அதனால..."

"பொய் சொல்லாத. இந்த வயசுலயும் பொய் சொல்லாத." சனாவின் குரல் ஏறியது. "நொட்டாங்கை யாருக்கு? எனக்கு. ஊரே கரையில நின்னு வேடிக்கை பாத்துச்சு, ஒருத்தரும் கையப் புடிக்கலன்னு எழுதுன. இங்க வந்து புது ஸ்கூலு. ஒரு பொண்ணு பேசல. டிபன் பாக்ஸத் தொறந்தா என் கையப் பாத்துச் சிரிக்கிறாளுங்க. அப்ப வந்துச்சு அந்தப் புக்கு. கடையில நின்னுக்கிட்டே படிச்சேன். யா அல்லாஹ், ஜூலியே இப்படி எழுதிட்டாளேன்னு இருந்துச்சு."

இத்தனை வருஷமும் ஜூலி அந்த முடிவை நல்ல முடிவு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். முன்பின் தெரியாதவர்கள்கூட அதைப் படித்து அழுகிறார்கள் என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டாள். இப்போது உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கடிதத்தை எழுதியபோது தான் எப்படி இருந்தோம் என்று ஒன்றும் மிச்சமில்லாமல் ஞாபகம் வந்தது.

"எனக்கு வயிறு எரிஞ்சுதுடி," என்றாள். "ஊர விட்டுப் போறத ரெண்டு நாளு முன்னாலதான் சொன்ன. என்ன விட்டுட்டுப் போற இல்ல, உனக்கு வலிக்கணும்னுதான் அப்படி எழுதுனேன். பேரயும் அதுக்குத்தான் விட்டேன். மறந்துபோயி விடல."

சனா தலையைக் குனிந்துகொண்டாள். "முன்னாலயே சொன்னா நீ அழுவேன்னு பயம். அதான் சொல்லல."

கீழே சந்தில் யாரோ ஆட்டோவை எடுக்க முடியாமல் உறுமவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சரி, குடு, போடுறேன்," என்றாள் சனா. "உனக்கு இது எவ்ளோ வேணும்னு மூஞ்சியிலயே தெரியுது. ஆனா ஒண்ணு கேக்கறேன். இது அசல் கதையாயிட்டா அவன் செத்தவன்தான? ஊரு உலகத்துக்கெல்லாம் செத்தவன். அப்புறம் யாரும் மாத்த முடியாது."

ஜூலி போனை எடுத்துக் கதிர்வேலைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பி, அந்தக் கடைசி நாலு வரிய மட்டும் எடுத்துடலாமா?"

"ஐயோ அக்கா, அச்சுல வந்தது வந்ததுதான். ஒரு கமா கூட மாத்த மாட்டோம். உங்களுக்கு மாத்தினா மீதி நாப்பது பேரும் வந்து நிப்பாங்க. மூணாம் ஆத்து முகமூடிக்கே என்னக் கொல்றாங்க."

"புதுசா வேற எழுதித் தந்தா?"

"புதுசு எடுக்கறது இல்லக்கா. பழைய தபால் மட்டும்தான்."

ஜூலி சனாவைப் பார்த்தாள். சனா இடக்கையை நீட்டி, போனைக் கொடு, கையெழுத்துப் போடுகிறேன் என்று சைகை காட்டினாள். படத்திலிருந்த பொம்மை ஜூலியின் கண்ணுக்குள் நின்றது. ஊர் ஊராகத் தொங்கப்போகிற பொம்மை. அதன் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கப்போகிற அந்த நாலு வரி. அதை வாங்குகிற எந்தப் பிள்ளைக்கு எந்தக் கையோ, யாருக்குத் தெரியும்?

"அப்ப எங்க கடுதாசிய எடுத்துடு தம்பி. வேணாம்."

"அக்கா! யோசிச்சுப் பேசுங்கக்கா. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."

"யோசிச்சுட்டேன். அவன் சாகல. கோவத்துல நான் பொய் எழுதிட்டேன். அது பொய்க் கடுதாசி, அத அசலாக்கக் கூடாது."

கதிர்வேல், "அப்ப முதலதான்," என்றான். குரலில் அழுகை எட்டிப் பார்த்தது.

போனை வைத்ததும் ஜூலி அழுதாள். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்ற நிறைவு மண்ணாங்கட்டி எதுவும் அவளுக்கு வரவில்லை. கைக்கு வந்தது போய்விட்டதே என்றுதான் அழுதாள். மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள்.

"அறிவிருக்கா உனக்கு?" என்று சனா கத்தினாள். "நாந்தான் போடுறேன்னு சொன்னேன்ல? எவனோ ஒருத்தன் முதலைக்குத் தூக்கிக் குடுத்துட்டு இங்க வந்து அழுவுறா பாரு!" கத்திக்கொண்டே உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கண்ணும் சிவந்திருந்தது. டீயை ஜூலியின் முன்னால் வைத்தாள். "குடி. சக்கர ஜாஸ்தியா போட்டிருக்கேன்."

ஜூலி பாதி டீ குடித்திருப்பாள். மாடிப்படியில் திபுதிபுவென்று சத்தம். முதுகில் புத்தகப் பையும் இரட்டைச் சடையுமாக ஏழு வயதுப் பெண் ஒன்று உள்ளே நுழைந்தது. சனாவின் மகள் மெஹ்ரீன். அழுத முகத்தோடு உட்கார்ந்திருந்த அந்நியப் பொம்பளையைக் கண்டதும் அப்படியே நின்றது.

"யாரும்மா இவுங்க?"

"ஜூலி," என்றாள் சனா.

பிள்ளைக்குக் கண் அகன்றது. "எந்த ஜூலி? நொட்டாங்கையன் முழுவறப்ப, கையப் புடிச்சு மேல தூக்குன ஜூலியா?"

ஜூலி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். டீ கொஞ்சம் பாயில் சிந்தியது. அவள் சனாவைப் பார்க்க, சனா அவசர அவசரமாக ஒரு கோனை எடுத்து ரப்பர் பேண்ட் சுற்ற ஆரம்பித்தாள்.

"என்னா பாக்கற?" என்றாள் தலையைத் தூக்காமல். "அந்தப் புக்கப் படிச்ச அன்னிக்கே அவனக் கரை ஏத்திட்டேன். விட்டுடுவேனா? யாராச்சும் கை குடுக்கணும்ல. உன்ன விட்டா எனக்கு யாரத் தெரியும்?"

மெஹ்ரீன் பையைக்கூடக் கழற்றாமல் கிட்டே வந்து குந்தி உட்கார்ந்தாள். ஜூலியின் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரொம்ப வெயிட்டா இருந்தானா?" என்று கேட்டாள்.

ஜூலி மூக்கை உறிஞ்சினாள். "ஆமாம்மா," என்றாள். "ரொம்ப வெயிட்டு."